தண்ணீர் கேட்காத ஆஸ்பத்திரித் தோட்டம்

1. காலி வாளி

ரோஸ்லின் சிஸ்டர் காலி வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் டங்கென்று வைத்தார். நான் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்தரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன்.

"கோவிந்தசாமி, உள்ள ஒரு பொண்ணு வலியில துடிச்சிக்கினு இருக்கா. வார்டு பைப்பத் தொறந்தா காத்துதான் வருது. நீ இங்க புல்லைக் குளிப்பாட்டிக்கினு இருக்கே. உனக்கே நல்லா இருக்கா?"

எனக்கு நல்லாயில்லைதான். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "டாக்டர் சொன்னாரு, ஊத்தறேன். எனக்கு இன்னா சிஸ்டர், புல்லு மேல ஆசையா?" என்று சொல்லிக்கொண்டே குழாயை அவருடைய வாளிக்குள் விட்டேன். பாதி வாளி நிறைவதற்குள் தண்ணீர் நூலாக இளைத்து, சேற்று நிறத்தில் வந்து, நின்றுபோனது. கிணற்றடியில் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.

இது எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம். வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அங்கே இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் புதிதாகப் பிரசவ வார்டு திறந்திருந்தார்கள். அதற்கு முன்னால் வலி எடுத்தால் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டும். போய்ச் சேராதவர்களும் உண்டு. அந்த வார்டு எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அந்த வார்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே கிணறு.

நான் கொம்யூன் பஞ்சாயத்தில் மஸ்டர் ரோல் ஆள், தினக்கூலி. வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாக்கடை வாரியிருக்கிறேன், ஏரிக்கரைக்கு மண் கொட்டியிருக்கிறேன், ரோட்டுக்கு ஜல்லி போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி டாக்டர்தான் என்னைத் தோட்ட வேலைக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: "தோட்டம் நல்லா வந்தா தோட்டக்காரன் போஸ்ட் ஒண்ணு கேக்கலாம். பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷன் வருவார். பார்த்துட்டு அவர் எழுதணும். எழுதினா நீ பர்மனென்ட். தோட்டம் சரியில்லன்னா உன்னைத் திருப்பி அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழி இல்லப்பா."

இந்தப் பர்மனென்ட் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் இனிமேல் சொல்லப்போகிற கூத்தெல்லாம் நடந்தது. எனக்கும் என் வீட்டுக்காரி பாக்கியத்துக்கும் அன்றாடக் கூலிதான். நாளைக்கு அடுப்பு எரியுமா என்று யோசிக்காமல் ஒரு நாளாவது படுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

டாக்டருக்குத் தோட்டம் என்றால் புல்தரை, குரோட்டன்ஸ், ஓரத்தில் கல்வாழை. டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் அப்படித்தான் இருந்தது. நானும் அப்படியே போட்டேன். பச்சைப் பாய் விரித்தது மாதிரிதான் இருந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றியது, கிணறு இறங்கியது. புல்லுக்கு அது எப்படித் தெரியும்? காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அது வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அன்றைக்கு டாக்டர் வெளியே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். "புல்லுக்கு இனிமே ஒரு சொட்டு வேணாம். எல்லாம் வார்டுக்குத்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தோட்டம் இல்லாம உனக்கு நான் எப்படிப்பா போஸ்ட் கேக்கறது?" கோபமாகக் கேட்கவில்லை. மெய்யாகவே வழி தெரியாமல்தான் கேட்டார்.

2. வரிசையாக வைத்தால் தோட்டம்

புல் செத்தது. குரோட்டன்ஸ் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. காற்றடித்தால் செம்மண் புழுதி நேராக வார்டுக்குள் போய்க் கட்டில் மேல் படிந்தது. அதற்கும் சிஸ்டர் என்னைத்தான் திட்டினார். திட்டுவதற்கு அவருக்குப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

நான் தினமும் ஏரிக்கரை வழியாகத்தான் வேலைக்கு வருவேன். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரை மேல் மட்டும் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நின்றது. நொச்சி தழைத்திருந்தது. எருக்கு எப்போதும் போலத் திமிராக இருந்தது. அவற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? வருஷக்கணக்காக அந்த வழியில் நடந்தவனுக்கு அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றியது. அதற்கு முன்னால் தோன்ற எனக்கு அவசியம் வரவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். "ரோட்டோரத்துல கெடக்கறத உள்ள கொண்டாந்து வெச்சா யாருப்பா அதத் தோட்டம்னு ஒத்துப்பாங்க?"

"தண்ணி கேக்காது சார்."

அவர் யோசித்துவிட்டு ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், நடுவில் நோயாளிகள் வர அகலமான பாதை. "தாறுமாறா வெச்சா காடு. வரிசையா வெச்சாத்தான் தோட்டம். பார்க்கறவனுக்கு யாரோ வெச்சது மாதிரி தெரியணும்" என்றார். இது எனக்குத் தோன்றாத விஷயம். ஏரிக்கரைச் செடியை ஏரிக்கரை மாதிரியே வைத்திருப்பேன், வருகிறவர்கள் களை மண்டிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

தோட்ட வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெரிய செடியைப் பிடுங்கி வந்து நடாதீர்கள், அழகாக இருக்கும், சாகும். விரல் நீளக் கன்றுதான் வேர் பிடிக்கும். புரட்டாசி கடைசியில் குழி எடுத்து வைத்தேன். குழியைத் தட்டு மாதிரி தாழ்த்தினால் மழைத்தண்ணீர் ஓடாமல் அங்கேயே நிற்கும். அடியில் சருகு போட்டு மூடினேன். வெளி ஓரத்தில் ஆடு வாய் வைக்காத ஆடாதோடையும் எருக்கும், அதற்கு உள்ளே நொச்சி, நடுவில் ஆவாரை. பழைய முள்கம்பி துருப்பிடித்து விழுந்திருந்தது, அந்த இடத்தில் கிளுவைக் கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றி உயிர்வேலியாக்கி, அதன் மேல் சங்குப்பூக் கொடியை ஏற்றிவிட்டேன். ரோட்டுப் பக்கம் தெற்கு மூலையில் ஒரு வேப்பங்கன்று. தும்பையும் கீழாநெல்லியும் நான் வைக்கவில்லை, அவையாகவே வந்து உட்கார்ந்துகொண்டன.

சிஸ்டரும் ஒரு யோசனை சொன்னார். வார்டில் துணி அலசிய தண்ணீர் சும்மா சாக்கடைக்குப் போகிறதே, அதைத் திருப்பிவிடக் கூடாதா என்றார். சின்ன வாய்க்கால் வெட்டினேன். பழைய தோட்டத்தில் உயிரோடு மிஞ்சியிருந்த கல்வாழை அந்தச் சோப்புத் தண்ணீரிலேயே பிழைத்துக்கொண்டது.

ஐப்பசியில் மழை வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு நான் குழாயைத் திறக்கவே இல்லை.

3. அரசாங்கச் செடிதானே

தைக்குள் ஆவாரை இடுப்பளவு வந்துவிட்டது. தேன்சிட்டு வந்தது, தையல்சிட்டு வந்தது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கூட்டமாக வந்து ஆவாரையில் உட்கார்ந்தால் பூ எது பூச்சி எது என்று தெரியாது. ஊசி போட வருகிற குழந்தைகளைத் தாய்மார்கள் அங்கே நிறுத்தி வேடிக்கை காட்டுவார்கள். அழுகைச் சத்தம் பாதியாகக் குறைந்தது என்று டாக்டரே சொன்னார். காலையில் வேலைக்கு வரும்போது செம்போத்துப் பறவை குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று எனக்கு அன்றைக்கெல்லாம் குஷியாக இருக்கும்.

சிஸ்டருக்கு மட்டும் ஒரு பயம். "பொதர் வெச்சா பாம்பு வரும்" என்பார். வந்தது. சாரைப்பாம்பு ஒன்று வார்டுக் குளியலறை வாசலில் நீளமாகப் படுத்திருந்தது. அவர் போட்ட கூச்சலில் பாம்பே பயந்து ஓடிவிட்டது. அதிலிருந்து கட்டடத்தை ஒட்டிப் பத்தடிக்குச் செடி கிடையாது என்று எனக்கு உத்தரவு போட்டார். அது சரியான உத்தரவுதான், நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

ஆனால் பாம்பை விடப் பெரிய தொல்லை ஒன்று வந்தது. மனுசர்கள்.

குரோட்டன்ஸை யாரும் பறிக்க மாட்டார்கள். பறித்து என்ன செய்வது? இந்தத் தோட்டத்தில் இருந்த ஒவ்வொரு செடியும் ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செடி, ஏதோ ஒன்றுக்கு வேண்டிய செடி. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் காய்ச்ச நொச்சி வேண்டும். இருமலுக்கு ஆடாதோடை. அம்மை போட்டால் வேப்பிலை. பிள்ளையாருக்கு எருக்கம்பூ. ஏரிக்கரை வரை நடப்பானேன், ஆஸ்பத்திரிக்கு வந்ததோடு நாலு கொத்து ஒடித்துக்கொண்டு போகலாமே. பொங்கலுக்கு முதல் நாள் நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆவாரை மொத்தமும் மொட்டை. வாசலில் செருக, மாட்டுக்கு மாலை கட்ட என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோயிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கழியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு பெண் என் கண் முன்னாலேயே நொச்சியை ஒடித்தாள்.

"ஏம்மா, கண்ணு தெரியுதா இல்லியா? நான் நிக்கறேன், நீ பாட்டுக்கு ஒடிக்கறே?"

"இன்னாண்ணா இப்டி அடிச்சிக்கிற? அரசாங்கச் செடிதான? உன் வூட்டுச் செடியா?"

"எங்க வூட்டுச் செடியா இருந்தா குடுத்திருப்பேன். இது என் பொழப்பு."

"என் தங்கச்சி உள்ள பெத்துப் படுத்திருக்கா. அவ குளிக்க வேணாமா?"

ஒடித்துக்கொள் என்று விட்டுவிட்டேன். செடியைப் பறிக்காதீர்கள் என்று போர்டு எழுதி வைத்தேன். அதன் மேல் குழந்தைத் துணி காயப்போட்டார்கள். எதிர்க்கடை காதர் பாய் கல்லாவில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். "யோவ் கோயிந்தசாமி, நீ தோட்டக்காரனா, வாட்ச்மேனா? ரெண்டு சம்பளம் கேளு" என்பார். அவர் வீட்டுப் பெண்களும் சளிக்கு ஆடாதோடை பறித்துப் போனவர்கள்தான். அதைச் சொன்னால் இன்னும் பலமாகச் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி எந்த மாதம் வருவார் என்று தெரியாது. மொட்டையாக நிற்கும்போது வந்தால் என் போஸ்ட் போச்சு.

4. மஞ்சள் துணி

வைகாசிக் காற்றில் தெற்கு மூலை வேப்பங்கன்று சாய்ந்தது. ஆள் உயரம் வந்திருந்தது. பக்கத்தில் ஒரு கொம்பு நட்டு, கன்றை நிமிர்த்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழந்துணியைக் கிழித்துக் கட்டினேன். பாக்கியத்தின் பழைய புடவை, மஞ்சள் நிறம். வேரடியில் மண் கரையாமல் இருக்க உடைந்த செங்கல் மூன்றை அரைவட்டமாக வைத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை செங்கல்லில் குங்குமம் இருந்தது.

யாரோ குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வெள்ளி ஓர் அகல் விளக்கு. ஆனி முடிவதற்குள் நடுச் செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வேம்பு, மஞ்சள் துணி, மூன்று கல். எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நானே வேறு ஊரில் பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

அன்றிலிருந்து ஓர் ஆச்சரியம் நடந்தது. தோட்டத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. முதலில் வேம்பைத் தொடவில்லை, பிறகு ஆவாரையைத் தொடவில்லை. கேட்டுவிட்டுத்தான் நொச்சி பறித்தார்கள், அதுவும் ஒரு கொத்து. அம்மன் தோட்டம் என்று பேர் வந்துவிட்டது. நான் கழியைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சருகு கூட்டினேன்.

"அது நீ கட்டுன துணிதானே, சொல்லிடேன்" என்றார் ரோஸ்லின் சிஸ்டர்.

"சொன்னா திரும்பவும் மொட்டை அடிப்பாங்க சிஸ்டர்."

"அதுவும் சரிதான்" என்றார் அவர். கழுத்தில் சிலுவை போட்டவர்தான், ஆனால் நிலைமை அவருக்குப் புரிந்தது.

ஆடி பிறந்ததும் வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கிணற்றிலிருந்து இல்லை, அவரவர் வீட்டிலிருந்து. தண்ணீர் கேட்காத செடி என்று நான் கொண்டுவந்து வைத்த மரத்துக்குப் பழைய புல்தரை குடித்ததை விட அதிகத் தண்ணீர் வந்து விழுந்தது. தாங்குவதற்கு வலுவான கிளைகள்கூட இல்லாத அந்தக் கன்றில் பிள்ளை வரம் வேண்டிக் குட்டித் தொட்டில்கள் தொங்கின.

ஒரு நாள் பார்த்தால் அதில் ஒரு தொட்டில் பாக்கியம் கட்டியது. அவள் ரவிக்கைத் துணி எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது எங்களுக்கு. குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதை நிறுத்தியும் வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போய் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

5. கூழ்

பெரிய அதிகாரி ஆடி வெள்ளியாகப் பார்த்து வந்து சேர்ந்தார்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஜீப் வாசலில் நிற்கிறது, உள்ளே திரும்ப முடியவில்லை. வேப்பங்கன்றுக்கு முன்னால் அண்டா வைத்துக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. காய்ச்சல்காரர், கட்டுப் போட்டவர், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற பிள்ளைத்தாய்ச்சிகள், எல்லார் கையிலும் தூக்குச் சட்டி. டாக்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். முடிந்தது கதை என்று மூலையில் நின்றேன்.

அதிகாரி வயதானவர், பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் படித்தவர், மெதுவாகப் பேசுவார். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஆடி வெயிலில் நம் தோட்டம் பச்சையாக நின்றது. ஆவாரையில் பூச்சி மொய்த்தது. வேலியில் சங்குப்பூ நீலமாகத் தொங்கியது.

"வேற எல்லா எடத்துலயும் காஞ்சி கெடக்கு. இங்க யார் தண்ணி ஊத்தறாங்க?"

"நாங்க யாரும் ஊத்தறதில்ல சார்" என்றேன்.

"கிணறு?"

"வார்டுக்கு மட்டுந்தான் சார்" என்று சிஸ்டர் முந்திக்கொண்டு சொன்னார். "இந்த சித்திரையில ஒரு நாள் கூடத் தண்ணி இல்லன்னு யாரையும் டவுனுக்கு அனுப்பல."

அவர் தலையாட்டினார். யாரோ ஒரு டம்ளர் கூழைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மறுக்காமல் நின்ற இடத்திலேயே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எனக்குக் காதில் விழுந்தது.

"தோட்டம் நல்லா இருக்கு. போஸ்ட்டுக்கு எழுதறேன். ஆனா ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ள கோயில் இருக்கக் கூடாது. இன்னிக்கு மரம், நாளைக்குக் கொட்டாய், அப்பறம் உங்களால நகத்த முடியாது. அத எடுத்துட்டேன்னு எனக்கு நீங்க எழுதின பிறகுதான் போஸ்ட் ஃபைல் நகரும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். டாக்டர் என்னைப் பார்த்தார். வெட்டுவது என் வேலை. மண்வெட்டியும் கடப்பாரையும் என்னிடம்தான் இருந்தன.

6. வேலி

அன்றைக்குச் சாயங்காலம் பாக்கியம் அடுப்படியில் இருந்தாள். நான் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னேன்.

"அந்த வேப்பமரத்த எடுக்கச் சொல்லிட்டாங்க."

"யாரு எடுக்கறது?"

"நான்தான்."

"எடுத்துடுவியா?"

"எடுக்கலன்னா போஸ்ட் இல்ல. இத்தப் பாரு பாக்கியம், உங்கிட்ட ஒண்ணு சொல்றேன். அங்க சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மஞ்சத்துணி உன் பழைய பொடவ. கன்னு சாஞ்சிது, கிழிச்சிக் கட்டினேன். அவ்ளோதான்."

அவள் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியாதா? என் பொடவ எனக்கு அடையாளம் தெரியாதா? மொத நாளே பாத்துட்டேன். நெருப்புப் பட்ட ஓட்ட கூட ஓரத்துல இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சிமா தொட்டிலு கட்டுன?"

"தெரிஞ்சிதான் கட்டினேன். அத்தினி பொம்பளைங்க வூட்டுலேர்ந்து தண்ணி சொமந்துக்கினு வந்து அங்க நிக்கறாங்க. அவங்க இருக்கற எடத்துக்கு சாமி வராம வேற எங்க போவும்? நீ துணி கட்டின, அவங்க கூப்புட்டாங்க. இதுல பொய்யி எங்க இருக்குது?"

எடுக்காதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

சனிக்கிழமை முழுவதும் அந்த மூலையையே சுற்றி வந்தேன். கடப்பாரையை எடுப்பேன், வைப்பேன். நான் நட்ட மரம், நான் கட்டிய துணி, நான் வைத்த கல். எதிரே காதர் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை. மரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும் என்று பார்த்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. மரம் காம்பவுண்டுக்குள் இருக்கக் கூடாது என்றுதானே உத்தரவு. காம்பவுண்டு எது? நான் ஊன்றிய கிளுவை வேலி. அதற்கு வேறு சுவர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயிடம் போனேன். அவர் வீட்டுப் பின்கட்டு வேலியும் கிளுவைதான். "போத்து வேணும் பாய், கொஞ்சம் வெட்டிக்கறேன்."

"வெட்டிக்க. எதுக்குய்யா?"

சொன்னேன். அவர் எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு தானே வெட்டித் தர வந்துவிட்டார். நான் தெற்கு மூலையில் பழைய போத்துகளைப் பிடுங்கினேன். மரத்துக்கு உள்பக்கமாக வளைத்து, புதுப் போத்துகளை நெருக்கி ஊன்றினேன். வெள்ளிக்கிழமை ஊற்றிய குடத்துத் தண்ணீரில் அங்கே ஈரம் இருந்தது, கிளுவை எப்படியும் வேர் விட்டுவிடும். சங்குப்பூக் கொடியை அலுங்காமல் தூக்கிப் புது வேலியில் படரவிட்டேன். முடித்துப் பார்த்தால் வேம்பும் மூன்று கல்லும் தொட்டில்களும் ரோட்டுப் பக்கம் நின்றன.

"இன்னாய்யா, ஆஸ்பத்திரியக் கொறச்சிட்ட?" என்றார் பாய்.

"ஊரைக் கொஞ்சம் பெருசாக்கிட்டேன் பாய்" என்றேன்.

திங்கள்கிழமை டாக்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலி இப்படியா இருந்தது?"

"சாஞ்சிருந்துது சார். நிமித்திக் கட்டினேன்."

"மூலையில வளைவு கொஞ்சம் பெருசா இருக்கே."

"வளைவு இருந்தா அழகு சார். நீங்கதான் யாரோ வெச்சது மாதிரி தெரியணும்னு சொன்னீங்க."

அவர் உள்ளே போய் எழுத உட்கார்ந்தார். காம்பவுண்டுக்குள் அப்படி எதுவும் இல்லை என்று எழுதினார். உண்மையைத்தான் எழுதினார். மழைக்காலம் முடிவதற்குள் எனக்கு ஆர்டர் வந்தது. கையில் வாங்கியபோது எழுத்து எனக்குத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. ரிட்டையர் ஆகும் வரை அந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன்.

வேலி போட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாக்கியம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மரம் இருக்குதா?"

"இருக்குது. வெளிய."

"அப்ப ராத்திரியில கூடப் போவலாம்" என்றாள். எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது.

தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்த மண்ணில் தானாக வளருகிறதை வையுங்கள், மழைக்கு முன்னால் வையுங்கள், பார்ப்பதற்கு ஒழுங்காக வையுங்கள். அப்படி வைத்தால் பூச்சி வரும், குருவி வரும், பாம்பும் வரும், ஊரும் வரும். குருவி மட்டும் வரட்டும் என்று சொல்ல முடியாது. யார் யார் வருகிறார்கள் என்று ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாக வேலியைப் போடுங்கள். நான் முதலில் போட்டேன், பிறகு பிடுங்கி நட்டேன்.

எங்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பார்கள். பிறக்கவில்லை. அடுத்த பங்குனியில் பாக்கியம் கட்டிய தொட்டிலின் அடியில் தேன்சிட்டு கூடு கட்டியது. வெள்ளிக்கிழமை குடத்தோடு போனவள் குடம் நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தாள்.

"இன்னாடி, ஊத்தலியா?"

"குஞ்சு பொரிச்சிருக்குது. கும்பலு கூடினா தாய்க்குருவி வராது. இந்த மாசம் யாரும் வர வேணாம்னு எல்லாரையும் அனுப்பிட்டேன்" என்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், "நம்ம தொட்டிலுய்யா அது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. குஞ்சுகள் பறந்து போகிற வரைக்கும் தினமும் காலையில் தூர நின்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கூலிக்குப் போனாள்.